மாவு ஏன் பொங்கவில்லை?

"சமைத்துப் பார்" முதல் பாகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம், கோடு போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் முதல் வரி நீல மையில்: "இட்லிக்குச் சொன்ன அளவு சரி. மாவு பொங்கவில்லை." அதன் கீழே பென்சிலில்: "டிசம்பரில் அரைத்தால் எப்படிப் பொங்கும்? இது மெட்ராஸ் இல்லை, பெங்களூர். பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றவும்." அடுத்தது பச்சை மை: "கம்பளி வீண். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும்." அதற்கும் கீழே, கையெழுத்திலேயே பதற்றம் தெரிய: "வழிந்து உள்ளே போய் ஷாக் அடித்தால் யார் பொறுப்பு?"

இந்தச் சண்டை தொண்ணூறுகளின் கடைசியில், தொம்மலூரில், ஒரு வாடகை நூல் நிலையத்தில் நடந்தது. சண்டை போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை. புத்தகம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும், சண்டையும் கூடவே போகும். நான் அப்போது ஏர்போர்ட் ரோட்டில் ஒரு சிறிய கம்பெனியில் டெக்னிகல் ரைட்டர். இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கிப் போடுவார்களே ஒரு சின்னப் புத்தகம், அதை எழுதுகிறவள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து, மூன்று பெண்களோடு ஒரு மாடி வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். தேவனஹள்ளி விமான நிலையம் வந்தது 2008-ல்தான். அதுவரைக்கும் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுதளத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் விமானம் தாண்டும்வரை வாயை மூடிக் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள்.

நூல் நிலையத்துக்குப் போர்டு கிடையாது. சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டின் முன்னறை, நாலைந்து இரும்பு ராக்கு, ஒரு மேசை. நடத்தியவர் எச்.ஏ.எல்.-லில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மனாக ரிட்டையரானவர். சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். எங்கள் எல்லாருக்கும் அவர் சார். அவருக்கு நாங்கள் "ஏம்மா", "ஏம்ப்பா". புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. மேசை டிராயரில் பணத்தோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கிடக்கும்.

சீட்டு ஒட்டும் பழக்கம் கோபத்தில் பிறந்தது. வாடகைப் புத்தகங்களின் ஓரத்தில் எழுதுகிறவர்கள் எங்கும் உண்டு. இவரிடம் இருந்த துப்பறியும் நாவல் ஒன்றின் மூன்றாம் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். அடுத்து எடுத்துப் போனவர் வாடகையைத் திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து நாவல்களில் பேனா படக்கூடாது என்று சட்டம். எழுதியே ஆகவேண்டும் என்று கை அரிக்கிறவர்களுக்காக இன்னொரு ராக்கில் உள்ள புத்தகங்களில் மட்டும் பின்னால் சீட்டு. அந்த ராக்குக்கு அவர் வைத்த பெயர் "உபயோகம்". பெயர் எழுதக் கூடாது, செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று இரண்டே நிபந்தனை.

"நாவலைப் பத்தி அபிப்பிராயம் சொல்ல எல்லாருக்கும் வரும்மா. செஞ்சு பாத்துட்டுச் சொல்றவன்தான் கெடைக்க மாட்டான்" என்றார்.

அந்த ராக்கில் சமையல் புத்தகம், வீட்டு வைத்தியம், தையல், ரேடியோ ரிப்பேர், கம்ப்யூட்டர், பஞ்சாங்கம் எல்லாம் இருந்தன. அவற்றோடு தேவனும் பாக்கியம் ராமசாமியும் இருந்தார்கள். நகைச்சுவைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். "சிரிப்பு வரலேன்னா அது வேலை செய்யலேன்னுதான அர்த்தம்? அப்ப அதுவும் மெஷின்தான்." அன்றைக்கு அதை ஒரு ஃபோர்மன் அடித்த ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். புத்தகங்களைப் பற்றி அதைவிடச் சரியான ஒன்றை அதற்குப் பிறகு எந்த விமர்சகரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கவிதைத் தொகுப்பு பிடிக்காமலே பிடித்தது என்று சொல்லிவிடலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. ரசம் கசந்ததையும் ஜோக்குக்குச் சிரிப்பு வராததையும் வீட்டில் இருப்பவர்களிடம் மறைக்க முடியுமா?

"சமைத்துப் பார்" சீட்டுதான் எல்லாவற்றிலும் நீளம். இடம் போதாமல் மேலே மேலே ஒட்டி, பின்னட்டை தடித்துப்போயிருந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் அதை வெளியிட்டது 1951-ல். உறவுக்காரப் பெண்கள் கடிதம் போட்டுக் கேட்கக் கேட்க, செய்முறையை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். அதைப் புத்தகமாகப் போடச் சொன்னவர் குடும்பப் பெரியவரான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். கடிதத்துக்கென்று எழுதிய கை என்பதால், எதிரில் ஒரு பெண் நிற்பதாக நினைத்துக்கொண்டே எழுதியது போல இருக்கும். சாரிடம் இருந்தது பழைய பதிப்பு. அதில் ஆழாக்கு, பலம், ரூபாய் எடை எல்லாம் வரும். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல்தானே வந்தது. எங்கள் தலைமுறைக்குப் பலம் என்றால் உடம்பில் இருப்பது. ஒரு புண்ணியவதி சீட்டில் அட்டவணையே போட்டுவிட்டார்: எட்டு ஆழாக்கு ஒரு படி; மூன்று ரூபாய் எடை ஒரு பலம்; ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். அந்த அட்டவணையை நான் ஒரு தாளில் எழுதி எங்கள் சமையலறைக் கதவில் ஒட்டினேன்.

அதே சீட்டில் எச்.ஏ.எல். இன்ஜினீயர் ஒருவர் (எழுத்தும் கோடும் அப்படித்தான் சொல்லின) பருப்பைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருந்தார். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர். இங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக, மெட்ராஸில் எழுதிய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், அது ஆசிரியையின் குற்றம் ஆகாது என்று வாதம். கீழே இரண்டே சொல்லில் பதில்: "குக்கர் வாங்கு."

விஞ்ஞானமும் தீர்ப்பும் இப்படி அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முப்பது நாளில் கன்னடம் கற்பிக்கும் புத்தகம் ஒன்றும் இருந்தது. ஊருக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பையனும் முதல் வாரத்தில் அதை எடுத்துப் போவான். அதன் சீட்டு ஒரு துயர நாடகம். முதல் அங்கத்தில் எல்லாருக்கும் உற்சாகம். பிறகு ஒருவர்: "ஆறாம் பாடத்தை ஆட்டோக்காரரிடம் பேசினேன். தமிழில் பதில் சொன்னார்." அடுத்தவர்: "காய்கறிக்காரம்மாவிடம் பேசினேன். தெலுங்கில் பதில் சொன்னார்." மூன்றாமவர்: "வீட்டுக்காரரிடம் பேசினேன். சந்தோஷப்பட்டு வாடகையைக் கன்னடத்தில் ஏற்றினார்." தொம்மலூரில் மூன்று மொழியும் ஒரே வாக்கியத்துக்குள் வாடகைக்கு இருந்தவை. "கரெண்ட் ஹோயித்து, ஸ்வல்பம் இரு" என்று எங்கள் கீழ்வீட்டு அக்கா சொல்வதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? ஆனாலும் புத்தகத்தின் பக்கம் நின்று ஒருவர் எழுதியிருந்தார்: "பஸ் போர்டு படிக்க வந்தது. போதும்." அவருடைய ஓட்டுக்குத்தான் மதிப்பு என்று எனக்குத் தோன்றியது. அவர்தான் அந்தப் புத்தகத்திடம் அதனால் முடிந்ததைக் கேட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் புத்தகங்களை சார் விலைகொடுத்து வாங்கவே இல்லை. அவை தாமாக வந்து சேர்ந்தன. அது ஒய்டூகே காலம், 2000 பிறந்ததும் பழைய புரோகிராம்களில் தேதி குழம்பும் என்று அவற்றைத் திருத்த ஆள் தேடிய காலம். எங்கள் தெருக்களில் ஒரு ரூமுக்கு நாலு பேராகத் தங்கியிருந்த பையன்கள் விசா வந்ததும் கட்டில், பக்கெட், பால் பாத்திரம் எல்லாவற்றையும் அடுத்த பையனுக்குக் கொடுப்பார்கள், புத்தகத்தை சாரிடம் போடுவார்கள். அந்தப் பழைய புரோகிராம்களின் மொழியான கோபால் (COBOL) பற்றிய புத்தகங்கள் மட்டுமே ஒரு தட்டு நிறைய இருந்தன. 1999-ல் அவற்றுக்கு முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். 2000 ஜனவரிக்குப் பிறகு அந்தத் தட்டை எட்டிப் பார்க்க ஆளில்லை. ஒன்றின் சீட்டில் கடைசி வரி: "இனி தேவைப்படாது. நன்றி." ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதையாக விடைகொடுத்தவர் யாராக இருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

சி மொழிக்கு இரண்டு கட்சி. ஒன்று, பெல் லேப்ஸைச் சேர்ந்த கெர்னிகனும் ரிட்ச்சியும் எழுதிய "தி சி புரோகிராமிங் லேங்வேஜ்". முதல் பதிப்பு 1978, எல்லாரும் வைத்திருந்தது 1988-ல் வந்த இரண்டாம் பதிப்பு, 272 பக்கம். அந்த மொழியை உருவாக்கியவரே ரிட்ச்சிதான். இன்னொன்று யஷவந்த் கனேத்கரின் "லெட் அஸ் சி". முதல் கட்சிக்காரர்கள் கொஞ்சம் கர்வம் பிடித்தவர்கள். "சுருக்கம், சுத்தம்" என்று ஒருவர் எழுத, "மூன்றாம் தடவையில்தான் புரிந்தது" என்று அடுத்தவர். அதற்குக் கீழே: "முதல் தடவையே புரிந்ததாகச் சொல்கிறவனை நம்பாதே." கனேத்கர் சீட்டில் கர்வமே இல்லை. "நான் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். கையைப் பிடித்துக் கூட்டிப்போன முதல் இங்கிலீஷ் புத்தகம் இது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் எழுதியது ஒரே வரி: "வேலை கிடைத்தது." தேதியும் போட்டிருந்தார். கெர்னிகன் கட்சிக்காரர் ஒருவர் அங்கேயும் வந்து, மொழியை ஒழுங்காகப் படிக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். பதில் எழுத யாரும் மெனக்கெடவில்லை. வேலை கிடைத்தவன் கலிஃபோர்னியா போய்விட்டான்.

அந்தப் பையன்களில் ஒருவன்தான் சாருக்கு டொனால்ட் நூத்தைப் பற்றிச் சொன்னவன். "தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்" என்ற பெரும் நூலை எழுதுகிறவர். முதல் தொகுதி 1968-ல் வந்தது, வேலை இன்னும் முடியவில்லை. தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்து முதலில் எழுதுகிறவருக்கு 2 டாலர் 56 சென்ட் செக் அனுப்புவார். 256 சென்ட் என்பது பதினாறடி எண் முறையில் ஒரு டாலர், அதனால் அந்தத் தொகை. செக் வந்தவர்கள் பலரும் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். பின்னாளில் 2008-ல் நிஜ செக் அனுப்புவதை நிறுத்தி, கற்பனையான ஒரு தீவு நாட்டு வங்கியின் பேரில் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்.

சார் இதைக் கேட்டு ஒரு வாரம் இதையே பேசினார். "தப்பு கண்டுபுடிச்சவனுக்கு எழுதினவன் காசு குடுக்கறான்யா! எங்க ஷாப்ல தப்பு கண்டுபுடிச்சா மெமோதான் குடுப்பாங்க." டாலரை ரூபாயாக்கிப் பார்த்தார், நூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவு தாங்காது என்று, "உபயோகம்" ராக்கில் பிழை காட்டுகிறவர்களுக்கு ஒரு புத்தகம் வாடகை இல்லாமல் என்று கரும்பலகையில் எழுதினார்.

விளைவு விபரீதம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாலையில் வந்து தரையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை பூஜைப் புத்தகத்தில் ஒற்றுப் பிழையாகப் பொறுக்கினார்கள். தமிழ்ப் பதிப்பகங்களின் தயவில் அவர்களுக்குப் பஞ்சமே வரவில்லை. ஒரு சிறுவன் ஒரே புத்தகத்தில் ஒரு மாத வாடகையைச் சம்பாதித்துவிட்டான். கரும்பலகையில் உடனே திருத்தம் ஏறியது: "எழுத்துப் பிழை கணக்கில் வராது. சொன்னபடி செய்து, வராமல் போனால் மட்டும்."

திருத்திய சட்டப்படி முதலில் வழக்குக் கொண்டுவந்தவர் கோயில் தெருப் பெரியவர் ஒருவர். கொண்டுவந்தது பஞ்சாங்கம். அதில் உள்ள சூரிய உதயம் தொம்மலூருக்குப் பொருந்தவில்லை என்று மொட்டை மாடியில் நின்று கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். கணக்கும் போட்டிருந்தார். பெங்களூர் சென்னைக்கு மேற்கே இரண்டே முக்கால் டிகிரி அளவுக்குத் தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிடம். ஆக இங்கே சூரியன் சுமார் 11 நிமிடம் பிந்தித்தான் உதிக்கும். உதயத்தை வைத்துத்தானே ராகு காலம்? அப்படியானால் இத்தனை வருடமாக இந்தத் தெருவில் நல்ல நேரம் பார்த்து நடந்த கல்யாணங்களின் கதி என்ன?

அன்று முன்னறையில் நல்ல கூட்டம். சார் இரண்டு பக்கமும் கேட்டார். "புஸ்தகத்துல தப்பு இல்லீங்க. ஊருதான் மேக்கால தள்ளி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, ஆனாலும் உழைப்புக்காக ஒரு புத்தகம் இலவசம் என்றார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசு வேண்டாம், சீட்டில் எழுத இடம் கொடுத்தால் போதும் என்று, "பெங்களூருக்கு 11 நிமிடம் கூட்டிக்கொள்ளவும்" என்று எழுதிவிட்டுப் போனார்.

இதே பெரியவர்தான் கோயில் கல்வெட்டுகளையும் சரிபார்த்தவர். லூயிஸ் ரைஸின் "எபிகிராஃபியா கர்நாடிகா" ஒன்பதாம் தொகுதி, பெங்களூர் மாவட்டத்துக்கானது, 1905-ல் வந்தது. அதில் தொம்மலூர்ப் பக்கங்களை மட்டும் யாரோ ஜெராக்ஸ் எடுத்து நூல் நிலையத்துக்குக் கொடுத்திருந்தார்கள். சொக்கநாதசுவாமி கோயிலின் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. ஹொய்சள ராமநாதன் காலத்தவை இருக்கின்றன. ஊர்ப் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. 1270-ஐச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. பெரியவர் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்துவிட்டு ஜெராக்ஸின் பின்னால் எழுதினார்: "நிலைக்கால்கள் இருக்கின்றன. ஆடுவதில்லை." கொடையைப் பற்றி அதற்கு மேல் என்ன மதிப்புரை வேண்டும்?

நகைச்சுவைப் புத்தகங்களின் சீட்டுகள் வேறு மாதிரி. சிரித்தவர்களுக்கு எழுத வரவில்லை. "நன்று", "அருமை" என்று இரண்டொருவர் முயன்று பார்த்து, அது அசட்டுத்தனமாக இருப்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது போல. பிறகு யாரோ ஒருவர் வெறுமே "பக்கம் 43" என்று எழுதினார். அடுத்தவர் அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, "பக்கம் 112" என்று சேர்த்தார். நாளடைவில் அப்புசாமி – சீதாப்பாட்டி புத்தகங்களின் சீட்டு முழுக்கப் பக்க எண்களும் டிக்குகளுமாக நிறைந்தன. எந்தப் பக்கத்தில் சிரிப்பு வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் ஒழுங்கான பதிவேடு. ஜ.ரா. சுந்தரேசன் தன் அம்மா பாக்கியத்தின் பெயரையும் அப்பா ராமசாமியின் பெயரையும் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டு குமுதத்தில் எழுதியவை அவை. டிக் அதிகமாக விழுந்தது, அப்புசாமி காசுக்காக மனைவியிடம் மாட்டிக்கொள்ளும் இடங்களில். டிக் போட்டவர்களில் பாதிப்பேர் தாத்தாக்களாக இருந்திருப்பார்கள் என்பது என் யூகம்.

தேவனின் "துப்பறியும் சாம்பு", விகடன் பக்கங்களைக் கிழித்து பைண்டு பண்ணிய பிரதி. அசட்டு பாங்க் குமாஸ்தா சாம்பு தற்செயலாக எதிலாவது இடறி விழுவான், குற்றவாளி பிடிபடுவான், சாம்புவுக்குப் புகழ் சேரும். அதன் சீட்டில் ஒரு மென்பொருள் பையன் கண்டிப்பாக எழுதியிருந்தான்: "எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதுகளில் வந்திருக்கலாம்." கீழே ஒரு பழைய காலக் கையெழுத்து: "தம்பி, உன் மேனேஜரை நினைத்துக்கொண்டு மறுபடி படி." சில மாதம் கழித்து, அதே பையனின் கையெழுத்தில்: "படித்தேன். ஆமாம்."

ஜெரோம் கே. ஜெரோமின் "த்ரீ மென் இன் எ போட்" எந்த ராக்கில் என்பதில் சார் தடுமாறவே இல்லை. விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவருக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். 1889-ல் வந்த அந்தப் புத்தகம், தேம்ஸ் நதிப் பயணத்துக்கான உருப்படியான வழிகாட்டியாக எழுத உத்தேசித்தது. எழுத எழுத நகைச்சுவை மேலே வந்து, வழிகாட்டி அடியில் போய்விட்டது. அதன் ஆரம்பத்தில் கதைசொல்லி ஒரு மருத்துவ அகராதியைப் புரட்டி, அதில் சொல்லியிருக்கும் வியாதிகளில் ஏறக்குறைய எல்லாமே தனக்கு இருப்பதாகக் கண்டுபிடிப்பான். எங்கள் வீட்டு வைத்தியப் புத்தகத்தின் சீட்டைப் பார்த்தவர்களுக்கு அது கற்பனையாகத் தோன்றாது. அறிகுறிகளைப் படித்துவிட்டு "எனக்கும்", "எனக்கும்" என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பையன் அதை எடுத்துப் போய் முகம் வெளிறித் திரும்பி வந்தபோது, சார் அவனுக்கு ஜெரோமை இலவசமாகக் கொடுத்து அனுப்பினார். "மருந்து குடுத்தா காசு வாங்கக் கூடாது" என்றார். டேவிட் வெர்னரின் "வேர் தேர் இஸ் நோ டாக்டர்" வந்து சேர்ந்த பிறகு வீட்டு வைத்தியத்தை அவரே ராக்கிலிருந்து எடுத்துவிட்டார். மெக்சிகோ மலைக் கிராமங்களுக்காக ஸ்பானிஷில் 1973-ல் எழுதியது அது. எதற்கு நீயே மருந்து கொடுக்கலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பிரித்துச் சொல்லும். அந்தப் பிரிப்புதான் மற்றதில் இல்லை.

சுஜாதாவை எங்கே வைப்பது என்பதுதான் கடைசிவரை முடிவாகாத விவகாரம். ஊரின் மறுகோடியில் ஜாலஹள்ளி பி.இ.எல்.-லில் வேலை பார்த்து 1993-ல் ஓய்வுபெற்றவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். எனவே எச்.ஏ.எல். ஆட்களுக்கு அவர் பக்கத்து ஃபேக்டரிக்காரர். ஜூனியர் விகடன் கேள்வி பதிலான "ஏன்? எதற்கு? எப்படி?" உபயோகம் ராக்கில்தான் இருந்தது. நாவல்கள் அந்தப் பக்கம். ஆனால் அவருடைய நாவலைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன் என்று சொல்லி, நாவலுக்கும் சீட்டு கேட்டு வந்தார்கள். சார் மறுத்துவிட்டார். "கதைக்குச் சீட்டு ஒட்டினா கொலைகாரன் பேரை எழுதிடுவானுங்க."

என் தொழிலுக்கு அந்த ராக்கு செய்த உதவியையும் சொல்ல வேண்டும். நான் சேர்வதற்கு முன்பே கம்பெனியில் ஒரு இன்வெர்ட்டர் கையேடு இருந்தது. அதைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு பிரதியை சாரிடம் கொடுத்தேன். அவர் சீட்டு ஒட்டி, வாடகை இல்லை என்று எழுதி வைத்தார். பெங்களூரில் அப்போது கரெண்ட் போகாத மாலை கிடையாது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள்கூட எடுத்துப் போனார்கள். திரும்பி வந்த சீட்டில் இருந்தவற்றில் ஒன்று: "சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பது 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது. கரெண்ட் போன இருட்டில் 14-ஆம் பக்கத்தை எப்படிப் படிப்பது?" இன்னொன்று: "டிஸ்டில்டு வாட்டர் ஊற்று என்கிறீர்கள். ஏன் என்று சொல்லாவிட்டால் என் மாமனார் போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுவார்." புதிய கையேட்டில் சிவப்பு விளக்கு விஷயம் புத்தகத்தைவிட்டே வெளியேறி, பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக மெஷின் நெற்றியிலேயே ஏறியது. போர்வெல் தண்ணீரில் உள்ள உப்புகள் பேட்டரித் தகடுகளைக் கெடுக்கும் என்று ஒரு வரி காரணமும் சேர்ந்தது. மேனேஜர், கையேட்டில் காரணம் எதற்கு என்று கேட்டார். மாமனாருக்காக என்றேன். எந்த மாமனார் என்று அவர் கேட்கவில்லை.

சில வருடங்களில் வீடு கைமாறி, அந்த இடத்தில் நாலு மாடி எழும்பியது. சார் மகளோடு ஓசூருக்குப் போனார். புத்தகங்களை மெம்பர்களே பங்கு போட்டுக்கொண்டோம். எனக்குக் கிடைத்தது கனேத்கரும் சாம்புவும். நான் சி எழுதுகிறவள் இல்லை, அந்தச் சீட்டுக்காக வாங்கிக்கொண்டேன்.

இப்போது தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரின் கட்டடம் இருக்கிறது, 2019-ல் திறந்தது. புத்தகப் பேச்சு நடக்காத வாரம் குறைவு. நேரம் கிடைக்கும்போது போவேன். பெரும்பாலும் எழுதியவர் எப்படி எழுதினார், ஏன் எழுதினார் என்றே பேச்சு போகும். கேள்வி கேட்கிறவர்களும் கேள்வியை விட்டுவிட்டுத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். அங்கே போன மழைக்காலத்தில் மாடித் தோட்டம் பற்றி ஒருவர் பேசக் கேட்டேன். அவரே எழுதிய புத்தகம். எல்லாரும் மண், பூமி, தாத்தா பாட்டி காலம் என்று உருகிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து மைக்கை வாங்கினார். "நீங்க போட்டிருக்க மாதிரியே தக்காளி வெச்சேங்க. மூணாம் வாரம் இலை சுருண்டு செத்துப் போச்சு" என்றார்.

அரங்கம் கொஞ்சம் சங்கடப்பட்டது. எழுதியவர் மட்டும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எந்த மாதம் வைத்தீர்கள், வெயில் எந்தப் பக்கம், இலைக்கு அடியில் வெள்ளையாக ஏதாவது இருந்ததா என்று கேட்க ஆரம்பித்தார். அந்த அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நடத்துகிறவர் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டியும் இருவரும் விடுவதாக இல்லை.